‘சமூக நிர்ணயிகள்’: வெள்ளிக்கு முன் வேறு சொல் தேவை

கொட்டாஞ்சேனை, செவ்வாய் இரவு

அன்பின் நண்பர்களே,

வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய 8 பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்து மாதர் குழுவுக்கு (தேயிலைத் தோட்டம் இல்லை, நம் கொழும்புத் தோட்டம், அதாவது நெருக்கமான சிறு வீடுகள் உள்ள குடியிருப்பு). உலக சுகாதார ஸ்தாபனம் 2005-இல் பிரித்தானியப் பொதுநல மருத்துவப் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைத்தது, 2008-இல் அறிக்கை வந்தது. மனிதர் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்து, வேலை செய்து, முதுமையடைகிற சூழல்தான் அவருடைய நலத்தைப் பெருமளவுக்கு ஆக்குகிறது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் social determinants of health என்கிற இதற்கு அலுவலகத் தமிழில் ‘சுகாதாரத்தின் சமூக நிர்ணயிகள்’ என்று சிங்களத்தைப் பார்த்து எழுதிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் வாசித்துக் காட்டினேன். ஒரு அக்கா கேட்டார்: “எல்லாம் நிர்ணயமாகிருச்சின்னா அப்புறம் நாங்க எதுக்குக் கூட்டம் போடுறோம்?” எனக்குப் பதில் வரவில்லை. ‘சுகாதாரம்’ என்றாலும் அவர்களுக்கு மலசலகூடம் கழுவுவதும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புக்குத் தண்டம் எழுதுவதும்தான். நம்முடைய அழுக்கால்தான் நோய் என்று குற்றம் சொல்கிற சொல்லாக அது மாறிவிட்டது.

அங்கே பொதுக் குழாயடியில் விடிய 4 மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கின்றன. கைப்பிடியில் அவரவர் சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்கள். வாளிக்குக் காவல் நிற்கிற பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போகும். இதைச் சொல்ல ஒரு சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணம், புதன் காலை

தங்கச்சி, சொல் நம் கையிலேயே இருக்கிறது. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற 948ஆம் குறளை எல்லாரும் சொல்கிறோம், நடுவில் நிற்கும் ‘நோய்முதல்’ என்ன என்று நின்று பார்ப்பதில்லை. நோய்க்கு முதல் இருந்தால் நலத்துக்கும் முதல் இருக்க வேண்டும்: நலமுதல். தொல்காப்பியர் முதற்பொருள் என்று எதைச் சொன்னார்? ‘நிலம் பொழுது இரண்டின் இயல்பு’. எந்த மண்ணில் குடியிருக்கிறோம், எத்தனை மணிக்குத் தண்ணீருக்கு எழும்புகிறோம், இவைதானே நீங்கள் சொல்லும் வாளி வரிசை? முன், முந்து, முளை, முகிழ் எல்லாம் இதே வேர்தான் என்பது என் எண்ணம், அதைத் தனி மடலாக எழுதுகிறேன். ‘சமூகம்’ என்பதையும் விட்டுவிடலாம், கூட்டத்துக்குச் ‘சமூகமளிப்பது’ நமக்குப் போதும்.

வெள்ளவத்தை, புதன் மாலை

ஐயா, குறளை வாசித்து மனம் நிறைந்தது. ஆனால் செட்டியார் தெருவில் ‘முதல்’ என்றால் போட்ட காசு. ‘நலமுதல்’ என்று தலைப்பிட்டால் காப்புறுதிக்காரர் கொடுத்த தாள் என்றுதான் நினைப்பார்கள். பரிமேலழகரே நோய்முதலுக்குக் காரணம் என்று உரை சொல்கிறார், பிறகு ‘காரணி’யில் என்ன குறை? நான் மருத்துவ மாணவர்களுக்கு ‘சமூகக் காரணிகள்’ என்றுதான் படிப்பிக்கிறேன்.

என் சிக்கல் வேறு. ‘சமூகக் காரணிகளைச் சமூகம் எதிர்கொள்வது எப்படி’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலாவது வருமானம், சட்டம், பள்ளி, வீட்டு உரிமை எல்லாம் சேர்ந்தது. இரண்டாவது அந்த ஒழுங்கையில் இருக்கிற குடும்பங்கள். ‘சமுதாய மருத்துவம்’ நமக்குப் பழகிய சொல், ஆகவே ஊர்ச் சனத்துக்குச் ‘சமுதாயம்’ என்று வையுங்கள். 1984-இல் தொடங்கிய மில்லியன் வீட்டுத் திட்டத்திலும் சமுதாய அபிவிருத்திச் சபைகள்தான் இருந்தன. கொழும்புத் தோட்டங்கள் பலவற்றில் அந்தச் சபைகளே ஒப்பந்தம் எடுத்துக் கான்களையும் (வடிகால்களையும்) பொதுமலசலகூடங்களையும் கட்டின, வெளியிலிருந்து ஒப்பந்தக்காரர் வரவில்லை. உங்கள் அக்காவின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது, கட்டாயம் சேருங்கள்.

மட்டக்களப்பு, வியாழன் காலை

கணிதத்தில் determinant என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு நாங்கள் ‘துணிகோவை’ என்கிறோம், தமிழ்நாட்டில் ‘அணிக்கோவை’. துணிதல் என்றால் முடிவு செய்தல். அந்தக் குறளின் உரையிலும் ‘இன்னதென்று துணிந்து’ என்று வருகிறதே. ‘நலத்துணிவிகள்’?

வெள்ளவத்தை, வியாழன் காலை

தம்பி, சனம் முதலில் உடுப்பைத்தான் நினைக்கும். முடிவு செய்வது என்ற பொருளே வேண்டாம் என்றுதானே அந்த அக்கா சொன்னார்.

கொட்டாஞ்சேனை, வியாழன் இரவு

பதில் எழுதிய 9 பேரில் 6 பேர் ‘காரணி’. நானும் களைத்துவிட்டேன், அதையே வைக்கிறேன். ஆனால் ஐயா சொன்னதில் ஒன்று என்னை விடவில்லை. நுளம்பும் காரணி, புகையிலையும் காரணி. மார்மட் கேட்பது காரணங்களுக்குக் காரணம். டெங்குக்கு நுளம்பு, நுளம்புக்கு அடைபட்ட கான், கான் அடைபட்டதற்குக் குப்பை லொறி உள்ளே வராதது, லொறி வராததற்கு ஒழுங்கையின் அகலம் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ‘காரணி’ முதல் படியிலேயே நின்றுவிடுகிறது, ‘முதல்’ அடிவரைக்கும் போகிறது.

பின்னேரம் அந்த அக்காவிடம் பிரதியைக் கொடுத்தேன். ‘உடல்நலத்தின் சமூகக் காரணிகள்’ என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அதாவது, எதனால வருது, அது எதனால வருதுன்னு” என்றார். 3ஆம் பக்கத்தில் வாளிப் படத்துக்கு மேலே அவர் சொன்னதையே பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். கீழே 3 வேலை: ஒழுங்கையின் வரைபடம் கீறிக் கானையும் குழாயையும் குறிப்பது, அதை எடுத்துக்கொண்டு பி.எச்.ஐ.யையும் மிட்வைப் மிஸ்ஸையும் (மருத்துவிச்சி) கூட்டத்துக்கு அழைப்பது, இரண்டாவது குழாய்க்கு மாநகர சபைக்கு எல்லாரும் கையெழுத்திட்டு எழுதுவது. திருத்தம் இருந்தால் இரவு 11 மணிக்குள் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு 10.40

அச்சுக்குப் போகட்டும், தங்கச்சி, தடை சொல்லவில்லை. ஆனால் ‘எதனால’ வினாச்சொல், கலைச்சொல் ஆகாது. ‘நலமுதல்’ என்பதில் நான் நிற்கிறேன். முளை, முகிழ் மடல் ஞாயிறு வரும்.