பாளையங்கோட்டை கிளாரிந்தா ஆலயம்: சபை தொடங்கிய ஆண்டு எது?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன், வேலை கோயம்புத்தூரில். இங்கே எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒவ்வொருவரும் தன் சொந்த ஊர் சபையின் வரலாற்றைப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான் கிளாரிந்தா ஆலயத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆச்சி அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்லுவார்கள்.

ஆனால் ஆண்டு விஷயத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஓர் இடத்தில் 1778 என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் 1780, வேறோர் இடத்தில் 1785. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி, உடன்கட்டை ஏறப் போன கிளாரிந்தாவை ஓர் ஆங்கிலேய அதிகாரி சிதையிலிருந்து தூக்கிக் காப்பாற்றினார் என்று பெரிய கதையாகச் சொல்கிறது. இதில் எதை நம்பிப் பேசலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுத்திடல்:
இதில் குழப்பமே இல்லை. 1778இல் கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம், 1785இல் ஆலயப் பிரதிஷ்டை. கோயில் கட்டிப் பிரதிஷ்டை செய்த ஆண்டுதானே தொடக்கம்? 1785 என்றே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று, ஊசிக்கோபுரத்தோடு இருக்கும் கதீட்ரல் வேறு. அது மிஷனெரி ரேனியஸ் காலத்தது, 1826. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

பழைய வாத்தியார்:
தம்பி, மூன்று ஆண்டுகளும் சரிதான். மூன்றும் வேறு வேறு காரியம் நடந்த ஆண்டுகள். கதீட்ரல் வேறு என்று மேலே சொன்னதும் சரி. ஆனால் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து சபையை எண்ணுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி எண்ணினால் அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

நீங்கள் 1771இலிருந்து ஆரம்பியுங்கள். அப்போது ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (குருமாரை நாங்கள் ஐயர் என்போம்) திருச்சியில் இருந்தார். பாளையங்கோட்டையைப் பற்றி அவர் அந்த ஆண்டு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். திருச்சி சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் கோட்டைப் பக்கம் வசிக்கிறார், அங்குள்ளவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறார். ஓர் ஆங்கிலேய சார்ஜெண்டும் அவரோடு சேர்ந்துகொள்கிறார். சார்ஜெண்டின் மனைவியும் திருச்சி சபைதான். கேட்டவர்களில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவருக்கு மனம் திரும்பியது. ஐயர் வரும்வரை காத்திருக்காமல், ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடத்தின் முக்கியமான பகுதிகளைப் படிக்க வைத்து சார்ஜெண்டே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்! பட்டம் பெறாதவர் கொடுக்கலாமா என்பது வேறு பேச்சு. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சின்னக் கூட்டத்தைத்தான் நினைத்துப் பார்ப்பேன். குருவானவர் இல்லை, கோயில் இல்லை, வாசிக்க ஒருவரும் கேட்கச் சிலரும் மட்டும். சபை என்றால் அதுதானே?

கிளாரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவ மார்க்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த அதிகாரிதான். தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்வதால் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் திருமணத்தை நடத்தப் பாளையங்கோட்டைக்கு வந்த இடத்தில்தான் கொடுத்தார். சிதைக் காட்சியைப் பேச்சில் விட்டுவிடுங்கள். அது நன்றாகப் பரவியதற்கு ஒரு காரணம், எழுத்தாளர் மாதவையா 1915இல் இவர் வாழ்க்கையை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல். நாவலை நாவலாகப் படிக்கலாம், சபை வரலாறாக வாசிக்கக் கூடாது.

1780தான் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு. அந்த ஆண்டுப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். கிளாரிந்தா அதில் ஒருவர். மற்றவர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1780இல் ஒரு பிராமணப் பெண்ணின் பெயரும் மற்ற சாதியார் பெயர்களும் ஒரே பட்டியலில் வருகின்றன! நம் சபைகளில் சாதி பார்ப்பது இன்றைக்கும் ஒழிந்தபாடில்லை என்பதால், அந்தப் பட்டியலை வாலிபர் கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குக் கிளாரிந்தா தன் பொருளைக் கொடுத்தார், அங்கிருந்த ஆங்கிலேயர் சிலரும் உதவினார்கள். 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் மறுபடியும் வந்து பிரதிஷ்டை செய்தார்.

அதற்குப் பிறகு சபையைத் தாங்கியவர் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத உள்ளூர்ப் போதகர்) சத்தியநாதன். தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்டவர். 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். அன்றைக்கு அவர் தமிழில் செய்த பிரசங்கத்தை ஆங்கிலமாக்கி லண்டனில் அச்சிட்டார்கள். மிஷனெரி யேனிக்கே ஐயர் 1791இல் வந்தார், 1800இல் காலமானார். 1816இல் படைக் குருவாக ஜேம்ஸ் ஹஃப் வரும்வரை இருந்த நீண்ட இடைவெளியில், எப்போதாவது ஒரு மிஷனெரி வந்து போனதைத் தவிர, சபைகளை அன்றாடம் நடத்தியவர்கள் உள்ளூர்க் குருமாரும் உபதேசியார்களும்தான். ரேனியஸ் வந்தது 1820இல். நம் நூற்றாண்டு மலர்களைப் பாருங்கள், முதல் நாலு பக்கம் மிஷனெரிமார் படம், உபதேசியார்களுக்கு ஒரே வரி. எனக்கு அது மனசுக்கு ஆறவே இல்லை. நீங்களாவது சவரிமுத்து பெயரையும் சத்தியநாதன் பெயரையும் சத்தமாகச் சொல்லுங்கள்.

கீர்த்தனைப் பிரியை:
வாத்தியார் ஐயா சொன்ன 40 பேரில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். தேவசகாயம் என்ற புலவர், கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியாரின் தகப்பனார். சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1785இல் பிரதிஷ்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர்தான் அந்தப் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் இவரும் சேர்ந்து படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் பாடும் கீர்த்தனைகளுக்கும் இந்தச் சிறிய சபைக்கும் இப்படி ஒரு நேரடி உறவு இருக்கிறது. பேச்சை முடித்துவிட்டு சாஸ்திரியார் பாட்டு ஒன்றையே பாட வையுங்கள் தம்பி, எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி. 1771இலேயே தொடங்குகிறேன். சார்ஜெண்ட் கதையை எங்கள் ஊரில் இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாட்டும் உண்டு.

இன்னொரு கேள்வி. ஆச்சியின் ஊர் நாசரேத் பக்கம் ஒரு சிறிய கிராமம். அங்குள்ள சபையைப் பற்றியும் எழுதலாம் என்று ஆசை. அதற்கு மிஷனெரி யாரும் புத்தகம் எழுதவில்லை. எங்கே தொடங்குவது?

பழைய வாத்தியார்:
கோயில் பீரோவில் தொடங்குங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும். சேகர குருவிடம் (அந்த வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் குரு) முறையாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும். பக்கத்தைப் புரட்டும்போது ஓரத்தைப் பிடிக்காமல் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள், பழைய தாள் மடிப்பில் ஒடிந்துவிடும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரோடு நிறுத்திவிடாமல் பெற்றோர், இருப்பிடம், தொழில் என்ற கட்டங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பனையேறி, நெசவு, வாத்தியார் என்று வரிசையாகப் பார்த்தால் இரண்டு தலைமுறையில் அந்த ஊர் எப்படி மாறியது என்று விளங்கும். அடக்கப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் பெயர்கள் அடுக்கடுக்காக வந்தால் அது காலராவாகவோ பஞ்சமாகவோ இருக்கும். 1877ஐ மட்டும் தனியாகப் பாருங்கள், தாது வருடப் பஞ்சக் காலம்.

பிறகு கல்லறைத் தோட்டம். பழைய கல்லில் எழுத்து தெரியாவிட்டால் காலை வெயிலில் பக்கவாட்டாகப் பாருங்கள், தெரியும். சுண்ணாம்பு பூசிப் படிக்காதீர்கள்.

வெளியே தேட வேண்டுமானால், பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரங்கம்பாடி, தஞ்சைக் காலத்து மிஷனெரிமாரின் அறிக்கைகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கின்றன, அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம், ஆனால் ஜெர்மன் மொழியில்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரத்தில் பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்க்கப் போனேன். மர பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். கரையான் அரித்து அட்டை மட்டும் கையில் வந்தது. ஒரு தலைமுறையின் பெயர்கள் அப்படியே போய்விட்டன. உங்கள் ஆச்சி ஊருக்கு இந்த விடுமுறையிலேயே போய் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைச் சேகர அலுவலகத்திலும் கொடுங்கள். எழுத்து புரியாத பக்கங்களை இங்கே போடுங்கள், பழைய கையெழுத்தை நான் வாசித்துத் தருகிறேன்.