ஃபெர்மா பற்றிய நூல்: பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு ஏற்றதா?

கேள்வி:
கணிதத்தில் ஆர்வமுள்ள என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பற்றி (n இரண்டைவிடப் பெரிய முழு எண்ணானால், xⁿ + yⁿ = zⁿ என்பதை நிறைவுசெய்யும் மிகை முழு எண்கள் இல்லை என்பது அது) சைமன் சிங் 1997-இல் எழுதிய நூலை அவளுக்கு வாங்கித் தரலாமா, அல்லது அது வெறும் கதையாக நின்றுவிடுமா?

மறுமொழி 1:
தாராளமாக வாங்குங்கள். கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் அத்தேற்றத்துக்கு 1993-இல் அறிவித்த நிறுவலில் பிழை தென்பட்டதும், மறு ஆண்டு ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அவர் அதைச் சரிசெய்ததும் விறுவிறுப்பாகச் சொல்லப்பட்டுள்ளன. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிறுவலும் பின்னிணைப்பில் இருக்கிறது. அந்த எண்ணைப் பின்னமாக எழுத முடியும் என்று வைத்துக்கொண்டால், எத்தனை முறை சுருக்கினாலும் தொகுதியும் பகுதியும் இரட்டை எண்களாகவே வந்துகொண்டிருக்கும் என்ற முரண்பாட்டை, உங்கள் மகள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து தானே கண்டடைய முடியும்.

மறுமொழி 2:
பின்னிணைப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வைல்ஸின் நிறுவலுக்கு உயிர்நாடியான மட்டு வடிவங்களை (மிகுந்த சமச்சீர் கொண்ட ஒருவகைச் சார்புகளை) நூல் மேலோட்டமாகவே தொட்டுச் செல்கிறது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்ற எச்சரிக்கையைக் கேட்டு, ஸ்டீபன் ஹாக்கிங் தமது 1988-ஆம் ஆண்டு நூலில் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை மட்டுமே சேர்த்தார். இந்த நூலிலும் தெரியும் அந்த அச்சம் வாசகரைக் குறைத்து மதிப்பிடுகிறது என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்து வாங்குங்கள். கும்பகோணத்தையும் கேம்பிரிட்ஜையும் ஒரே அக்கறையோடு விவரிக்கும் நூல் அது.