புதுப்பிப்பு: மூன்று மாதம் நின்ற கார் கிளம்பிவிட்டது

மூன்று மாதம் ஷெட்டில் நின்ற கார், சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு அடங்கிவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பேட்டரியை மாற்றச் சொல்லித்தான் பலரும் சொன்னீர்கள். சார்ஜ் போட்டேன், 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். ஆனாலும் அதே 'டக்'.

அப்புறம் இங்கே ஒருவர் சொன்னபடி, மனைவியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்தேன். பேட்டரியின் ஈயக் குமிழ்களில் 12.3. அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புகளில் வெறும் 7! நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்புதான் மின்சாரத்தை மறித்திருக்கிறது. நெகட்டிவ் (−) கிளாம்பை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன். உடனே கிளம்பியது. ஓடும்போது 14.1 வோல்ட், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரி. அந்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி.