ஏசிக்கு கேஸ் ஏற்றிய அனுபவம்: இன்னும் உறுத்துவதைச் சொல்லுங்கள்

வேளச்சேரி_வாசி:
புது ஏசி, ஒன்றரை டன், ஆர்32 கேஸ். மாட்ட வந்த தம்பி சுவரில் ஓட்டை போட்டது, பிராக்கெட் அடித்தது எல்லாம் சுத்தம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் அவுட்டோர் பக்கம் குனிந்து, பெரிய பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, சின்ன பைப்பின் வால்வை எல்லன் கீயால் லேசாகத் திறந்தார். புஸ்ஸென்று சீறியது. வெள்ளைப் புகை மாதிரி நட்டிலிருந்து வருகிறது, அதை இறுக்கப் போன விரலை வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டார், மறு கையில் ஸ்பேனர். "வேக்கம் பம்ப் கொண்டுவரலையா தம்பி?" என்றால், "அதெல்லாம் பெரிய மெஷினுக்கு சார், வீட்டு ஏசிக்கு இதுவே போதும்." பெட்டியோடு வந்த புத்தகத்தில் வேக்கம் எடு, அதாவது பைப்பில் இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடு என்று படம் போட்டே இருக்கிறது. ஏசி நன்றாகத்தான் குளிர்கிறது, ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் அந்த விரல் ஞாபகம்.

மதுரைக்காரன்:
இதற்கு இவ்வளவு பதற்றமா? எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசியை, பழைய ஆர்22 கேஸ், அப்படித்தான் மாட்டினார்கள். கொஞ்சம் கேஸ் விட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போய்விடும், அவ்வளவுதான் விஷயம். என் பையன் பிறப்பதற்கு முன்னால் மாட்டியது, இன்னும் ஓடுகிறது.

கடலோர_வீடு:
திருவான்மியூர். சித்திரை பிறந்தால் எங்கள் ஏசியில் கேஸ் தீர்ந்துவிடும். "கேஸ் கம்மி மேடம்" என்று சொல்லி வருடா வருடம் டாப்-அப், இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் என்றே நினைத்திருந்தோம். போன கோடையில் வந்தவர் கொஞ்சம் வயதானவர், சிலிண்டரையே கீழே இறக்கவில்லை. சோப்புத் தண்ணீர் கேட்டார், ஷேவிங் பிரஷ்ஷால் நட்டு நட்டாகத் தடவினார், "வாங்கம்மா, பாருங்க" என்று கூப்பிட்டார். இண்டோர் பின்னால் ஒரு நட்டின் அடியில் ஒரே ஒரு குமிழி. மெதுவாக ஊதிப் பெருத்தது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடியும் ஊத ஆரம்பித்தது. இத்தனை வருடக் காசும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. பைப் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஃபிளேர் அடித்து, அதாவது நட்டுக்குள் உட்கார முனையை விரித்து, நைட்ரஜன் ஏற்றி நிறுத்தி வைத்து, பிரஷர் கேஜ் முள் இறங்கவில்லை என்று காட்டிய பிறகுதான் கேஸ் போட்டார்.

ரிப்பேர்_கடை:
தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். மதுரை அண்ணே, உங்களுடையது ஆர்22, அதில் இருப்பது மினரல் ஆயில், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆர்410ஏ, ஆர்32 என்ற புது கேஸ் இரண்டிலும் வேறு ஆயில், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், போகப்போக உள்ளே ஆசிட் ஆகி கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருளைத் தின்னும். முதல் மாதமே தெரியாது, வாரண்டி முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் வேக்கம் கட்டாயம். இருபது முப்பது நிமிடம் பம்ப் ஓடட்டும், முள் பூஜ்யத்துக்குக் கீழே 30-ஐ ஒட்டிப் போகும், அப்புறம் பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், முள் ஏறினால் எங்கோ லீக் இருக்கிறது அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. கேஸ் எவ்வளவு என்று கேஜைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவுட்டோர் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும், சிலிண்டரைத் தராசில் வைத்து அதைத்தான் போட வேண்டும். ஆர்22 அறுபது எழுபது பி.எஸ்.ஐ. பிரஷர் காட்டும், ஆர்32 நூற்றைத் தாண்டும். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் கம்ப்ரசர் வேகத்துக்கு ஏற்ப முள் ஏறும் இறங்கும், அதை நம்பி ஏற்றினால் கேஸ் அதிகமாகிவிடும். ஆர்410ஏ இரண்டு கேஸ் பாதிக்குப் பாதி கலந்தது, சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகவே கொடுங்கள், நின்றபடி ஆவியாக விட்டால் கலவை மாறிவிடும். என் அனுபவம் என்றால், ஆர்410ஏ மெஷினுக்குள் யாரோ ஆர்22 ஏற்றி வைத்திருந்தார்கள். திறந்தபோது வந்த ஆயிலின் நிறத்தை மறக்க முடியாது, டிகாஷனேதான்.

வேளச்சேரி_வாசி:
அண்ணே, இனி வேக்கம் எடுத்து என்ன ஆகப்போகிறது, மாட்டியாகிவிட்டதே. நான் யோசனை கேட்கவே இல்லை, நடந்ததைச் சொன்னேன்.

மதுரைக்காரன்:
தராசோடு வருகிற மெக்கானிக்கை எந்த ஊரில் பார்த்தீர்கள்? இங்கே ஸ்பேனரையே நம்மிடம்தான் கேட்கிறார்கள்.

பனியன்_ஊர்:
திருப்பூர். பக்கத்தில் நிட்டிங் யூனிட். ராத்திரி தூங்கிக்கொண்டிருக்கும்போது என் கால்மேல் சில்லென்று ஏதோ விழுந்தது, பல்லியோ என்று எழுந்து லைட்டைப் போட்டால் ஐஸ் கட்டி! இண்டோர் காயில் (coil, குளிர்கிற பைப் சுருள்) முழுக்க ஐஸ் பிடித்திருக்கிறது. காலையில் வந்தவர் கேஜ் மாட்டினார், முள் கம்மியாகக் காட்டியது, "கேஸ் ஏத்தணும்" என்றார். என் மாமனார் மில்லில் பிட்டராக இருந்தவர், அவர் பேசாமல் முன்மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. காற்றே போகவில்லை என்றால் காயில் உறையும், பிரஷரும் இறங்கும், கேஸ் கம்மி மாதிரியே காட்டும் என்று அவர்தான் சொன்னார். ஐஸ் உருகின பிறகு, கழுவின ஃபில்டரைப் போட்டு ஓட்டினோம், முள் சரியாக நின்றது. வந்தவர் விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார், முகம்தான் சரியில்லை.

தாம்பரம்_மாடி:
என் பிரச்சினையே வேறு. எங்களுடையது ஆர்290, அதாவது புரோப்பேன், சமையல் கேஸ் வகையறா. உள்ளே இருப்பது சில நூறு கிராம்தான். வீடு மாறி மாட்டும்போது கேஸ் போய்விட்டது. மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஏறினார், பையைப் பிரித்தார், கேஜை எடுத்தார், ஸ்டிக்கரில் தீ படத்தைப் பார்த்தார், எடுத்த கேஜை அப்படியே சுருட்டி உள்ளே வைத்தார். "நமக்கு இது வேணாம் சார், பிள்ளைகுட்டிக்காரன்." டீ கூடக் குடிக்கவில்லை. அடுத்து வந்தவர் "ஆர்32 போட்டு ஓட்டிடலாம்" என்றார், அவரை நான் அனுப்பிவிட்டேன். இந்த கேஸ் பழகின ஆள் யாரையாவது தெரியுமா?

ரிப்பேர்_கடை:
அனுப்பியதுதான் சரி, அதில் வேறு கேஸ் போடவே கூடாது. கம்பெனி சர்வீஸையே கூப்பிடுங்கள். வருகிறவர் டார்ச் பற்றவைத்து பிரேசிங் செய்ய, அதாவது தீயால் பைப்பை ஒட்டப் போனால் மட்டும் தடுத்துவிடுங்கள். தாம்பரம் கிழக்கா, மேற்கா?

தாம்பரம்_மாடி:
மேற்கு, முடிச்சூர் பக்கம்.