தென்னாப்பிரிக்காவில் ஆளுக்கு நாலு ஹெக்டேர் என்று உயில் எழுதியவர்கள் வீட்டில் நடந்தது

கரும்புக்காடு, ஸ்டாங்கர்:
12 ஹெக்டேர் கரும்பு, மூன்று மகன்கள், உயிலில் "ஆளுக்கு நாலு". கருமாதி முடிந்த வாரமே மூத்தவர் கயிறு பிடித்து, சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டுவிட்டார். பத்திர அலுவலகத்தில் எடுபடவில்லை. விவசாய நிலப் பிரிவினை பற்றிய 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டப்படி, விவசாய அமைச்சரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் விவசாய நிலத்தைத் துண்டு போட முடியாது. சரி, பிரிக்காமல் மூவர் பேரிலும் பொதுவாக எழுதிவிடலாம் என்றார்கள். அதற்கும் அதே ஒப்புதல் வேண்டும். இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கடைசியில் வாரிசுகளுக்குள் ஒப்பந்தம் எழுதி, நடுவுள்ளவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் தருவதாக முடிந்தது. கற்களைப் பிடுங்கிய அன்று மூத்தவர் மட்டும் வரவில்லை.

வெருலம்காரன்:
ஸ்டாங்கர் அண்ணா, சட்டத்தையே குறை சொன்னால் எப்படி? ஒப்புதல் தருவதும் உண்டு. தண்ணீரும் வழியும் இல்லாத நாலு ஹெக்டேர் துண்டுக்குக் கேட்டால் எந்த அதிகாரி தருவார்?
இங்கே ஒரு குடும்பம் கெட்டது கையெழுத்தால். அம்மாவுக்குக் கை நடுங்குகிறதென்று உயிலைச் சின்னவரே எழுதிக் கொடுத்தார். நிலமும் அவருக்கே. வக்கீல் ஒன்றும் பேசாமல் உயிலையும் சின்னவர் நிரப்பிய படிவத்தையும் மேசையில் அருகருகே வைத்தார். இரண்டிலும் ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரே மாதிரிக் கோடு. உயில் செல்லும், ஆனால் உயில் இல்லாவிட்டாலும் வாரிசாகக் கிடைத்திருக்கும் பங்குக்கு மேல் எழுதியவருக்கு விட்டது செல்லாது. 1953-ஆம் ஆண்டு உயில் சட்டம். சாட்சி போட்டவருக்கும், அவர் மனைவிக்கோ கணவனுக்கோகூட இதே கதிதான். ஏமாற்றோ நிர்ப்பந்தமோ இல்லையென்று நீதிமன்றத்தில் காட்டினால் தப்பலாம்.

தோட்டக்கணக்கு:
"மற்றவர்களுக்குப் பணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எங்கிருந்து வரும்? உம்சிண்டோ பக்கம் ஒரு வீட்டில் அந்தப் பணத்துக்காகக் கரும்பு வெட்டு நடக்கும்போதே டிராக்டரை விற்றார்கள்.
கணக்குப் போடுங்கள். நிலம் 4 மில்லியன் ராண்டு என்றால் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) கட்டணம் 3.5 சதவீதம், அதாவது 1,40,000. கடனைக் கழிக்காத மொத்த மதிப்பில் போடுவார்கள். உயில் எழுதும்போதே பேசிக் குறைத்து அதில் எழுதிவிடலாம். எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவர் சொத்துக்கான வரி வேறு, கடன் போக 3.5 மில்லியனுக்கு மேல் உள்ளதில் 20 சதவீதம். துணைவருக்குப் போகும் சொத்தில் அது கிடையாது. இத்தனைக்கும் நடுவில் கரும்புப் பணம் வரும் வங்கிக் கணக்கே முடங்கிக் கிடக்கும். அதனால் நிலம் எடுக்காத பிள்ளைகளைப் பயனாளிகளாக எழுதி, நிலத்துக்காரர் தன் பேரில் ஆயுள் காப்பீடு போட்டு வைக்கட்டும், பணம் நேரே அவர்கள் கைக்குப் போகும்.
அப்பா இருக்கும்போதே மகனுக்கு ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடுவதானால் பத்து வருடத்தைத் தொடாதீர்கள், அதற்கும் ஒப்புதல் வேண்டும். "ஒன்பது வருடம், பிறகு மகன் இஷ்டப்படி நீட்டிக்கலாம்" என்று கெட்டிக்காரத்தனமாக எழுதுவார்கள். இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். முழுப் பண்ணையையும் விட்டால் இந்தத் தடை கிடையாது.

வெருலம்காரன்:
அண்ணா, குத்தகையை யார் கேட்டது? வெட்டு நேரத்தில் டிராக்டரை விற்றுவிட்டுக் கரும்பை எதில் ஏற்றினார்கள், அதைச் சொல்லுங்கள்.