டெக்ஸாவில் எலும்புத் தேய்மானம், ரத்த ரிப்போர்ட் வேற மாதிரி: ஊசி போடலாமா?

கீற்றுக்கொட்டகை:
சித்திக்கு 51 வயசு. இடுப்பும் தொடையும் வலி, கீழே உட்கார்ந்தா கையை ஊன்றாம எழுந்திருக்க முடியலை. டெக்ஸாவில் (எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேன்) டி ஸ்கோர், அதாவது அடர்த்திக் கணக்கு, −3.1. எலும்புத் தேய்மானம்னு சொல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை போடுற சோலெட்ரானிக் ஆசிட் ஊசி எழுதியிருக்காங்க. ரத்தத்துல வைட்டமின் டி 6, கால்சியம் 8.1, பாஸ்பரஸ் 2.0, அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு, கல்லீரல்லேர்ந்து வர்ற நொதி) 342, பி.டி.எச். (கால்சியத்தைக் கட்டுப்படுத்துற பாராதைராய்டு ஹார்மோன்) 188. கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் நார்மல். வலிப்புக்குப் பல வருஷமா ஃபெனிடாயின் எடுக்கிறாங்க.

உப்புக்கல்:
ஊசியை இப்போ போடாதீங்க. வெறும் எலும்புத் தேய்மானத்துல கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் மூணும் பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும். இங்க முதல் ரெண்டும் குறைவு, மூணாவது அதிகம். இது ஆஸ்டியோமலேசியா, அதாவது எலும்பு மென்மையாகிற நோய் மாதிரி தெரியுது. எலும்போட சட்டகம் இருக்கு, அதுல சுண்ணாம்புச் சத்து ஏறலை. டெக்ஸா அளக்கிறது சுண்ணாம்புச் சத்தை மட்டும்தான், அதனால ரெண்டு நோயும் அதுக்கு ஒண்ணாத்தான் தெரியும். எழுந்திருக்கத் தடுமாறுறது தொடைத் தசை பலவீனம், இந்த நோயோட கையெழுத்து. கால்சியம் 8.1 இருக்கும்போது இந்த ஊசி போட்டா எலும்புலேர்ந்து கால்சியம் வர்ற வழி அடைபட்டு, ரத்தத்துல இன்னும் இறங்கும். கை கால் இழுத்துக்கும், வலிப்பும் வரலாம்.

இடுப்பு எக்ஸ்ரே எடுங்க. தொடை எலும்புக் கழுத்தின் உட்பக்கம் குறுக்கே கோடு மாதிரி விரிசல் தெரிஞ்சா எலும்பு டாக்டரையும் பார்க்கணும்.

மாத்திரைப்பட்டை:
வழக்கமான முறை: கோலிகால்சிஃபெரால் (வைட்டமின் டி3) 60,000 யூனிட் வாரம் ஒண்ணு, 8 வாரம். பாலோடயோ, கொழுப்புள்ள சாப்பாட்டோடயோ. வாரத்துக்கு ஒண்ணை தினம் ஒண்ணுன்னு சாப்பிட்டு, வாந்தியும் தாகமுமா கிட்னி கெட்டு வர்றவங்க உண்டு. அட்டையிலேயே கிழமையை எழுதி வைங்க. கால்சியம் தினம் 1000 மி.கி. 1250 மி.கி. கார்பனேட் மாத்திரையில கால்சியம் 500தான், அதனால ரெண்டு மாத்திரை, ரெண்டு வேளையாப் பிரிச்சு, சாப்பாட்டோட. ஃபெனிடாயினுக்கும் இதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லேன்னா ஃபெனிடாயின் சரியா ஏறாது.

கால்சிட்ரியால் (வைட்டமின் டியோட நேரடியா வேலை செய்யிற வடிவம்) மட்டும் கொடுத்து முடிச்சுடுறாங்க சிலர். அது உடம்புல சேமிப்பைக் கூட்டாது, டெஸ்ட்ல வைட்டமின் டி அதே 6லதான் நிக்கும்.

உப்புக்கல்:
ஃபெனிடாயினைப் பத்தி ஒண்ணு. கல்லீரல்ல வைட்டமின் டியை வேகமா உடைக்கிற மருந்து அது, மூல காரணமே அதுவா இருக்கலாம். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. மாத்துறதா வேண்டாமாங்கிறது நரம்பு டாக்டர் கையில. ஃபெனிடாயினைத் தொடர்ந்தா, பின்னாடி எடுக்கிற வைட்டமின் டியும் மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு வேணும்.

கீற்றுக்கொட்டகை:
ரொம்ப நன்றி. காலைல 7 மணிக்கு வெயில்ல நிக்க வைக்கிறோமே, அது பத்தாதா?

மாத்திரைப்பட்டை:
பத்தாது. அந்த நேரத்து வெயில்ல புற ஊதா பி கதிர் ரொம்பக் கம்மி. நிழல் ஆளை விடக் குட்டையா விழுற நேரம்தான் கணக்கு. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வீண். இந்த அளவு குறைஞ்சவங்களுக்கு வெயில் துணைக்குத்தான், மருந்து இல்லை.

உப்புக்கல்:
3 மாசத்துல மறுபடி டெஸ்ட். ஆரம்பத்துல அல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடினா பதற வேண்டாம், எலும்பு நிரம்புறப்போ அப்படி ஆகும். இறங்க மாசக்கணக்கு பிடிக்கும். வைட்டமின் டி ஏறியும் பாஸ்பரஸ் 2லயே நின்னா சிறுநீர்ல பாஸ்பரஸ் ஒழுகுதான்னு பார்க்கச் சொல்லுங்க. முதல் சில வாரம் உதடு, விரல் நுனி மதமதன்னு ஆனா அன்னிக்கே கால்சியம் பாருங்க.