கோத்தகிரியில் இரண்டு நாள் நடை விழா: தடம், நேரம், அனுமதி பற்றி ஆலோசனை வேண்டும்

தேயிலைக்காடு கேட்டது:

வணக்கம். நீலகிரியில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஜனவரி கடைசி சனி, ஞாயிறு நடை விழா நடத்தப் போகிறோம். வழிகாட்டியோடு கூட்டிப் போகும் நடைகள் மட்டும்தான், பந்தயம் எதுவும் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து குடும்பமாக வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். மலையில் நடந்து பழகாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

யோசித்து வைத்திருக்கும் தடங்கள்: ஊரிலிருந்து கன்னேரிமுக்கு சல்லிவன் பங்களா வரை, லாங்வுட் சோலை, எஸ்டேட் வழியாகக் கேத்தரின் அருவிப் பக்கம் இறங்கித் திரும்பி ஏறுவது, கோடநாடு காட்சிமுனை. ரங்கசாமி மலையையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

எது எளிது, எது கடினம் என்று எதை வைத்துப் பிரிப்பது? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஒரு குழுவுக்கு எத்தனை பேர்? காலை 6.30-க்கே கிளம்பிவிடலாமா?

---

மேட்டுப்பாதை:

முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து ‘எளிது’ என்று எழுதிவிடாதீர்கள். நம் மலையில் ஊரும் பஸ் ரோடும் மேலே இருக்கின்றன, பார்க்கப் போகும் அருவியும் பள்ளமும் கீழே. மற்ற மலைகளில் ஏறி முடித்துவிட்டு இறங்குவார்கள். இங்கே இறங்கி முடித்துவிட்டு ஏற வேண்டும். இறங்கும்போது எல்லோரும் தெம்பாகப் பேசிக்கொண்டே போவார்கள். ஏற்றம் வருவது வெயில் ஏறிய பிறகு, பாட்டிலில் தண்ணீர் பாதி தீர்ந்த பிறகு. இறக்கத்தில் முழங்கால் ஏற்கெனவே நடுங்கியிருக்கும். குழு உடைவது அங்கேதான்.

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பழகிய கால்களுக்கு அது சரி. குடும்பக் கூட்டத்துக்கு மணிக்கு 3 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 15 நிமிடம் என்று வையுங்கள். செங்குத்தான இறக்கத்துக்கும் 300 மீட்டருக்கு 10 நிமிடம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வேகம் கூடாது, குறையத்தான் செய்யும்.

ஒரு உதாரணம். போக 3, வர 3 என்று 6 கிலோமீட்டர், 300 மீட்டர் இறங்கி ஏற வேண்டிய தடம். நெய்ஸ்மித் கணக்கில் 1 மணி 42 நிமிடம். உங்கள் குழுவுக்கு இறங்க 70 நிமிடம், ஏற 105 நிமிடம். நின்று பார்க்க, விளக்கிச் சொல்ல அரை மணி. உட்கார்ந்து எழ அரை மணி. மொத்தம் 3 மணி 55 நிமிடம். போஸ்டரில் ‘4 மணி நேரம்’ என்று போடுங்கள். 8 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்குக் கீழேயிருந்து திரும்பியே ஆக வேண்டும். 10 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம், அருவி இன்னும் அரைக் கிலோமீட்டர் இருந்தாலும் திரும்புவோம் என்று கிளம்பும் இடத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தரம் பிரிக்க: 5 கிலோமீட்டருக்குள், மொத்த ஏற்றம் 100 மீட்டருக்குள் இருந்தால் எளிது. 10 கிலோமீட்டர், 350 மீட்டர் வரை நடுத்தரம். அதற்கு மேல் கடினம். அறிவிப்பில் தூரம், மொத்த ஏற்றம், பாதை தாரா மண்ணா படிக்கட்டா, கடைசிக் கழிப்பறை எங்கே, இந்த நாலும் இருக்கட்டும். கழிப்பறை விஷயத்தை எழுதாமல் விட்டால் பெண்கள் வருவது குறையும்; வந்தவர்களும் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்குவார்கள்.

போன் செயலி காட்டும் ஏற்றத்தை அப்படியே எடுக்காதீர்கள். மரத்தடியில் சிக்னல் துள்ளித் துள்ளி, மொத்த ஏற்றத்தைக் கூட்டிக் காட்டும். சம உயரக் கோடு போட்ட வரைபடத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

6.30-க்குக் கிளம்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெயிலுக்கு முன் ஏறிவிடலாம்.

---

சோலைப்புறா:

மேட்டுப்பாதை அண்ணனின் கணக்கு சரி. ஆனால் 6.30 வேண்டவே வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் ராத்திரி ஊரோரம் சுற்றிவிட்டு விடியும்போதுதான் காட்டுக்குத் திரும்பும். தேயிலைச் செடி இடுப்புயரம். அதற்குள் படுத்திருக்கும் காட்டெருமை பத்தடியில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பனி விழுந்த செம்மண் பாதையும் வெயில் பட்டுக் காயும் வரை சோப்பு போல வழுக்கும். 8 மணிக்கு முன் நகர வேண்டாம், மாலை 4.30-க்குள் எல்லோரும் தார் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். சோலைக்குள் 5 மணிக்கே இருட்டிவிடும்.

காட்டெருமை நின்றால் குழுவை நிறுத்திப் பின்வாங்கி, குறைந்தது 30 மீட்டர் இடம் விடுங்கள். அது போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். இரண்டு குழுக்கள் இரு பக்கமும் நின்று நடுவில் அதை மாட்டவைப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் ஒரே தடத்தில் எதிரெதிராகக் குழு அனுப்பாதீர்கள். தலையை ஆட்டி மூக்கால் சீறினால் எச்சரிக்கை என்று அர்த்தம். தனிக் கடாவும் கன்றோடு நிற்கும் பசுவும் கூடுதல் கவனம். கரடிக்கு வேறு முறை: வளைவு வரும் முன் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள், திடீரென்று எதிரில் ஆள் வந்தால்தான் அது பாயும். நாயைக் கூட்டிவரக் கூடாது என்று அறிவிப்பிலேயே போடுங்கள்.

அனுமதி தடத்துக்குத் தடம் மாறும்.

லாங்வுட் சோலை காப்புக்காடு. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றுக் கிராமங்களின் தண்ணீருக்குத் தாய். 2024-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் குழு நடத்தவே முடியாது என்று விதி வந்துவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழக அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 தடங்கள் உண்டு. லாங்வுட் அதில் ஒன்று. ரேஞ்சர் அலுவலகத்தில் முதலில் பேசி, மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, தடத்தின் வரைபடம், பொறுப்பாளர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு மாதம் முன்னாலாவது கொடுங்கள். ஜனவரி கடைசி என்பது நல்ல தேர்வு. பிப்ரவரி பாதியில் தீக்காலம் தொடங்கிவிட்டால் தடங்களை மூடிவிடுவார்கள், 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். அக்டோபர், நவம்பரில் வைத்தாலோ கிழக்குச் சரிவான கோத்தகிரிதான் வடகிழக்குப் பருவமழையை முழுசாக வாங்கும். 2009 நவம்பர் மண்சரிவை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

எஸ்டேட் பாதை தனியார் நிலம். மேனேஜரிடம் கடிதம் வாங்குவதோடு நிற்காமல், அந்தத் தேதியில் எந்தத் தேயிலைக் காட்டில் மருந்தடிப்பு, எங்கே கவாத்து (செடி வெட்டிவிடுவது) என்று கேளுங்கள். மருந்தடித்த காட்டுக்குள் குழந்தைகளைக் கூட்டிப்போகக் கூடாது. கொழுந்து எடுப்பவர்கள் நடுவே புகுந்து போட்டோ எடுக்கவும் கூடாது. அவர்களுக்கு எடை கணக்கில் கூலி போகிற நேரம் அது.

ஹட்டி (படுகர் ஊர்) வழியாகப் போகும் தடம் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஊர் ஆள் ஒருவரைக் குழுவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். தேதி மோதாமல் பாருங்கள். ரங்கசாமி மலை பழங்குடி மக்களும் படுகர்களும் கும்பிடும் இடம், காட்டுப் பாதையும் கூட. முதல் வருஷ விழாவில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தாலே அந்த மலையும் மாயாற்றுப் பள்ளமும் தெரியும். கோடநாடு முழுக்க ரோடு, சனி ஞாயிறில் சுற்றுலா வண்டி நெருக்கும். அதை நடையாக வைக்காமல், பஸ்ஸில் போய்க் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் நடக்க வைக்கலாம்.

---

மேட்டுப்பாதை:

6.30 பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வெயிலை மட்டும் யோசித்தேன். 8 மணி என்றே வையுங்கள். இறங்கி ஏறும் தடத்தின் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் வெயில் பிரச்சினையும் தீரும்.

---

தேயிலைக்காடு:

ரொம்ப நன்றி. ரங்கசாமி மலையை எடுத்துவிட்டோம், கோடநாடு பஸ்ஸில்தான். இப்போது ஆள் கணக்கு. எங்களிடம் வழி தெரிந்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பதிவு 150 வரை போகலாம். முதலுதவிக்கு என்ன வேண்டும் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

---

குன்னூர் நர்ஸ்:

ஒன்பது பேருக்கு 150 ஆகாது. ஒரு குழு 15 பேர், அதற்கு வழிகாட்டி இரண்டு பேர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக் கூடாது என்பதுதான் விதி. அப்படியானால் ஒரு வேளைக்கு நாலு குழு, 60 பேர். ஒன்பதாவது ஆள் பதிவு மேசையில் போனோடு உட்காரட்டும். இரண்டு நாளும் ஒரு வேளை வைத்தால் 120. அதோடு பதிவை மூடிவிடுங்கள்.

ரெண்டு வழிகாட்டியில் அனுபவம் கூடியவரைக் கடைசியில் போடுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பாதை முன்னால் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். மூச்சு வாங்குவது, நொண்டுவது, முகம் வெளிறுவது எல்லாம் கடைசியில் நடப்பவர் கண்ணில்தான் படும். குழுவில் மெதுவாக நடப்பவரை முன் வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்துங்கள். அவர் வேகம்தான் குழுவின் வேகம். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்து, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பினால், ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது.

கிளம்பியதும், ஒவ்வொரு பாதைப் பிரிவிலும், திரும்பும் இடத்திலும் தலை எண்ணுங்கள். முதல் 15 நிமிடத்தில் ஒருமுறை கட்டாயம் நிறுத்துங்கள்: ஸ்வெட்டர் கழற்ற, ஷூ கயிறு இறுக்க. இறங்கும் முன்னால் ஷூவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

பையில் இருக்க வேண்டியவை: 4 அங்குலம், 6 அங்குலக் கிரேப் கட்டுத்துணி, காயத்துணி, ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், விசில், டார்ச். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடி வாந்தி வரும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால், ஆளுக்கு இரண்டு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் எடுத்துவரச் சொல்லுங்கள், கிளம்பும் இடத்தில் குடம் வைத்து நிரப்பிக் கொடுங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் பதிவுத் தாளிலேயே போட்டுவிடுங்கள்.

கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள், கழற்றினால் வீங்கித் திரும்ப உள்ளே போகாது. ஷூவுக்கு மேலேயே 6 அங்குலத் துணியை எட்டு வடிவில் சுற்றிக் குச்சியும் கொடுத்து மேட்டுக்கு ஏற்றலாம். பாம்புக்கடி என்றால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. கையோ காலோ அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து 108. சோலையில் இருக்கும் குழிவிரியனுக்கு நம் நாட்டு விஷமுறிவு மருந்து பொருந்தாது. அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். அதற்காக ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்க வேண்டாம், முடிவு டாக்டருடையது.

பள்ளத்தில் போன் எடுக்காது. எந்த வளைவில் சிக்னல் வருகிறது என்று முந்தின நாள் நடந்து பார்த்து, வழிகாட்டி தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நடையில் பாறையில் பெருந்தேனீக் கூடு தெரிந்தால் தடத்தையே மாற்றுங்கள். சென்ட், புகை, சத்தம் மூன்றும் அதைக் கிளப்பும்.

---

தேயிலைக்காடு:

குழந்தைகளுக்கு வயது வரம்பு வைக்கலாமா? ஜனவரியில் அட்டைப்பூச்சி இருக்குமா?

---

சோலைப்புறா:

வயதை விட, தானாக 5 கிலோமீட்டர் நடந்த பிள்ளையா என்று கேளுங்கள். தோளில் தூக்கிக்கொண்டு இறங்கும் அப்பா கால் வைக்கும் இடத்தைப் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களைக் கன்னேரிமுக்குத் தடத்துக்கே அனுப்புங்கள். ஊரிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். 1819-ல் கலெக்டர் சல்லிவன் இந்த மலைக்கு வந்தது, அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருப்பது என்று அங்கே சொல்லவும் நிறைய உண்டு.

அட்டை ஜனவரியில் குறைவுதான், ஈரமான சோலைக்குள் மட்டும் இருக்கும். காலுறை மேல் உப்புத் துணியைத் தேய்த்தால் போதும்.

---

குன்னூர் நர்ஸ்:

அட்டையை விட உண்ணியைப் பாருங்கள். காய்ந்த புல்லில், மாடு படுத்த இடத்தில் இருக்கும். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் சொருகச் சொல்லுங்கள், புல்லில் உட்கார விரிப்பு எடுத்துவரச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு பார்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். காய்ச்சலோடு கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால், ‘மலையில் புல் காட்டில் நடந்தேன்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சொன்னால் உடனே அதற்கான மாத்திரை கொடுத்துவிடுவார். விழா முடிந்த அன்று அனுப்பும் நன்றிச் செய்தியில் இந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.